எரியுதா, மினுக்குதா?

2009-ஆம் ஆண்டு சித்திரை மாதம். அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கொடைவிழா. கோயிலுக்கு எதிரே பந்தல் போட்டு, சாமியைப் பார்த்தபடி வில் கட்டியிருந்தார்கள். வில்லுப்பாட்டுக் குழுவின் தலைமைப் பாடகராக வந்த அண்ணாவிக்கு எழுபது வயது தாண்டியிருந்தது. அன்றைக்கு முத்துப்பட்டன் கதை. பாபநாசம் மலைமேல் இருக்கும் சொரிமுத்து அய்யனார் கோயிலோடு சேர்ந்த கதை என்பதால், அந்தப் பக்கத்து ஜனங்கள் அதைத் தங்கள் வீட்டில் நடந்ததுபோலக் கேட்பார்கள். நான் பிறவியிலேயே பார்வை இல்லாதவன். வில்லுப்பாட்டையும் கணியான் கூத்தையும் ஒலிப்பதிவு செய்து, ஆய்வு மாணவர்களுக்கும் பாடுகிறவர்களின் குடும்பத்தாருக்கும் கொடுப்பது என் தொழில்.

மேடைக்கு முன்னால் ஜமுக்காளத்தில் உட்கார்ந்து, ரெக்கார்டரைச் சிறிய முக்காலியில் நிறுத்தி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு ரெக்கார்டு பட்டனை அழுத்தினேன். காதுக்குள் உலகம் திறந்தது. வீசுகோல் நாணில் விழுந்ததும் வில்லின் மணிகள் சிலிர்த்தன. குடத்தின் வாயில் மட்டை அறைய, அடிவயிற்றில் அதிர்ந்தது. அண்ணாவியின் பேரன் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பத்து வயது இருக்கும். "சிவப்பு லைட் எரியுதா ராசா?" என்று கேட்டேன். "எரியிது மாமா, மினுக்கு மினுக்குன்னு எரியிது" என்றான். நிம்மதியாகக் கதைக்குள் போய்விட்டேன்.

விடிகாலை மூன்று மணிக்கு அண்ணாவி மங்களம் பாடி முடித்தார். "எல்லாம் விழுந்துட்டா தம்பி?" என்று கேட்டார். "விழுந்துட்டு அண்ணாச்சி" என்றேன். மறுநாள் வீட்டில் கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் அந்த இரவுக்கான கோப்பே இல்லை.

அந்த ரெக்கார்டரில் பட்டனை இரண்டு முறை அழுத்த வேண்டும். முதல் அழுத்தலில் கருவி பதிவுக்குத் தயாராகி நிற்கும். விளக்கு விட்டுவிட்டு எரியும். ஒலி அளவைச் சரிசெய்துகொள்ளத் தருகிற அவகாசம் அது. இரண்டாவது அழுத்தலில்தான் பதிவு ஓடத் தொடங்கும். விளக்கு நின்று எரியும். அப்போது பல நிறுவனங்களின் கருவிகள் இப்படித்தான் இருந்தன, இன்றும் சில இருக்கின்றன. தயார் நிலையில் நிற்கும்போதே மைக்கில் விழுவதெல்லாம் ஹெட்போனில் துல்லியமாகக் கேட்கும் என்பதுதான் இதில் கொடுமை. கண் உள்ளவருக்கு, ஓடாமல் நிற்கும் நேரக்கணக்கு உண்மையைச் சொல்லிவிடும். எனக்கு ஹெட்போன்தான் சாட்சி, அந்தச் சாட்சி பொய் சொன்னது. பையன் சரியாகத்தான் சொன்னான். மினுக்குவது வேறு, எரிவது வேறு என்பது எனக்குத்தான் தெரிந்திருக்கவில்லை.

மறுபடியும் ஒரு நாள் வந்து பதிவு செய்துகொள்கிறேன் என்று சொல்லி வைத்திருந்தேன். அடுத்த தை மாதம் அண்ணாவி காலமாகிவிட்டார். அவர் பாடிய முத்துப்பட்டன் இப்போது எங்கும் இல்லை.

அதற்குப் பிறகு, ரெக்கார்டர் வாங்குவதைப் பற்றி யார் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான். ஒலியின் தரம், மைக்கின் பெயர், பிட்டுக் கணக்கு எல்லாம் இரண்டாவது. பதிவு ஓடுகிறதா, நிற்கிறதா என்பதைப் பக்கத்தில் யாருமே இல்லாமல் என் விரலும் காதும் சந்தேகமற்றுத் தெரிந்துகொள்ள முடிகிறதா? முடியாவிட்டால், அது எவ்வளவு உயர்ந்த கருவியானாலும் எனக்கு வேண்டாம்.

இந்த நிச்சயத்தைப் பழைய கேசட் ரெக்கார்டர் கேட்காமலே கொடுத்தது. பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் படித்த காலத்தில், பாடப்புத்தகங்களை யாராவது வாசிக்க, கேசட்டில் பிடித்து வைத்துப் படிப்போம். செங்கல் மாதிரி கருவி. முன்னால் வரிசையாக ஐந்தாறு தடித்த பட்டன்கள். ரெக்கார்டு செய்ய இரண்டு பட்டன்களைச் சேர்த்து அழுத்த வேண்டும். இரண்டும் 'டக்' என்று உள்ளே போய் அங்கேயே நிற்கும். தடவிப் பார்த்தால் தெரியும், பள்ளமாக இருக்கிறவை வேலை செய்கின்றன. மூடியின்மேல் விரலை வைத்தால் மோட்டாரின் நடுக்கம் கையில் ஏறும். நாடா தீர்ந்ததும் பட்டன்கள் படீரென்று மேலே எழும். அறுபது நிமிடக் கேசட் என்றால் ஒரு பக்கம் முப்பது நிமிடம். எந்தச் சுருளில் நாடா நிறைந்திருக்கிறது என்பதைக் கையில் தூக்கி, கனம் சாய்கிற பக்கத்தை வைத்தே சொல்லிவிடுவோம். முதுகு விளிம்பில் இருக்கும் சின்னஞ்சிறு தகட்டை உடைத்துவிட்டால் அதன்மேல் யாரும் மறுபதிவு செய்ய முடியாது. அந்தக் குழியை நகத்தால் தொட்டு 'இது பத்திரம்' என்று அறிவோம். பார்வையற்றோருக்காக என்று யாரும் அதை உருவாக்கவில்லை. இயந்திரத்தின் நிலை அதன் உடம்பிலேயே இருந்தது, அவ்வளவுதான். டிஜிட்டல் வந்தபோது அந்த நிலை உடம்பை விட்டு வெளியேறி, கண்ணாடித் திரைக்குள் போய்விட்டது.

திரைக்குள் போன பிறகு கடைக்குப் போவதே வேதனையாயிற்று. சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடை. "அவருக்கு என்ன மாதிரி வேணும்? என்ன பட்ஜெட்?" என்று என்னோடு வந்த தம்பியைப் பார்த்துக் கேட்டார் கடைக்காரர். பணம் என் சட்டைப்பையில் இருந்தது. "டிஸ்பிளே நல்லா பெரிசா, பிரைட்டா இருக்கும் சார்" என்று எனக்கே விளக்கினார். பெட்டியைப் பிரித்தால் விற்க முடியாது என்றார். கையால் தொடாமல் நான் எப்படி வாங்குவது? அரை மணி நேரம் வாதாடி, மாதிரிக்கு வைத்திருந்த ஒன்றை எடுக்கவைத்தேன். அன்றிலிருந்து, தொட்டுப் பார்க்க விடாத கடையில் நான் வாங்குவதில்லை.

தொட்டு என்ன பார்ப்பேன் என்று கேட்கிறவர்களுக்காக இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். முதலில் ரெக்கார்டு பட்டன். மற்றவற்றிலிருந்து அளவிலோ வடிவத்திலோ வேறுபட்டிருக்க வேண்டும். அழுத்தினால் விரல் நுனியில் ஒரு முறிவு தெரிய வேண்டும். மெத்தென்று அமுங்கும் ரப்பர் பட்டனில் அழுத்தினோமா இல்லையா என்றே தெரியாது. ஒரே அழுத்தலில் பதிவு தொடங்குகிறதா, இரண்டா? நடுவில் குச்சி வைத்து நான்கு திசையிலும் தள்ளுகிற அமைப்பாக இருந்தால் நான் ஒதுங்கிவிடுவேன். மேலே தள்ளியதாக நினைக்கும்போது உள்ளே அமுங்கியிருக்கும்.

அடுத்தது மெனு. இதைக் கண் உள்ளவர்கள் யோசித்தே இருக்க மாட்டார்கள். பட்டியலின் கடைசிக்குப் போனதும் நின்றுவிடுகிற மெனு எனக்கு நல்லது. சுற்றிக்கொண்டு மறுபடி முதலுக்கே வருகிற மெனு ஆகாது. நிற்கிற மெனுவில் மேலே போகும் பட்டனை இருபது தடவை அழுத்தினால் உச்சிக்கு வந்துவிட்டேன் என்பது உறுதி. அங்கிருந்து 'மூன்று கீழே, உள்ளே, இரண்டு கீழே' என்று எண்ணிப் போகலாம். சுற்றுகிற மெனுவில் எண்ணத் தொடங்க இடமே இல்லை. கடைசியாக நின்ற இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு அங்கேயே திறக்கிற மெனுவும் இதே தொல்லை தரும். பேட்டரி மூடி தனியாகக் கழன்று வந்துவிடுமா, கீலில் தொங்குமா என்பதும் முக்கியம். கோயில் கூட்டத்தில் கழன்று விழுந்த மூடியைத் தேடுவது என்னால் ஆகாது.

அண்ணாவியின் பாட்டை இழந்த துக்கத்துக்குப் பிறகு நான் வாங்கிய கருவி, ஜூம் நிறுவனம் 2010-இல் கொண்டுவந்த எச்-1. பேசாத கருவிதான். ஆனாலும் கேசட் ரெக்கார்டரின் பேரன் என்று அதைச் சொல்வேன். முகப்பில் பெரிய வட்டப் பட்டன் ஒன்று. ஒரே அழுத்தலில் பதிவு ஓடும். மெனுவே கிடையாது. காற்றிரைச்சல் போன்ற தாழ்ந்த ஒலிகளை வெட்டுவதற்கு, அளவைத் தானே கூட்டிக் குறைப்பதற்கு, கோப்பு வகையை மாற்றுவதற்கு என்று முதுகில் மூன்று தள்ளு சுவிட்சுகள். மேலேயா கீழேயா என்பதை நகம் சொல்லிவிடும். மைக் அளவைக் கூட்டும் பட்டனும் குறைக்கும் பட்டனும் விலாவில் இருந்தன. குறைக்கும் பட்டனைப் பிடித்துக்கொண்டே இருந்து அளவைப் பூஜ்யத்துக்கு இறக்கிவிட்டு, பிறகு ஒவ்வோர் அழுத்தலாக எண்ணி ஏற்றுவேன். கோப்பை அழிக்கிற பட்டனும் விலாவிலேயே இருந்தது. அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டிவிட்டேன்.

அடையாளத்துக்கு என் மனைவியின் ஸ்டிக்கர் பொட்டு கைகொடுத்தது. வெறும் பொட்டு போதாது, நடுவில் கல் வைத்ததாக இருக்க வேண்டும். ரெக்கார்டு பட்டனின் ஓரத்தில் ஒன்று, கார்டு நுழைகிற வாய்க்கு மேலே ஒன்று. வெயிலில் பசை இளகி உதிர்ந்துவிடும் என்பதால் நெடுநாள் அடையாளத்துக்கு எம்-சீலில் கடுகளவு உருட்டி ஒட்டுவேன்.

ஆனாலும் 2009-இன் பயம் போகவில்லை. அதனால் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். பதிவைத் தொடங்கி, ஊர், நாள், பாடுகிறவர் பெயர், கதை ஆகியவற்றை நானே மெதுவாகச் சொல்வேன். பிறகு நிறுத்தி, ஓடவிட்டுக் கேட்பேன். என் குரல் திரும்பி வந்தால்தான் மறுபடி பதிவைத் தொடங்குவேன். இந்த ஒத்திகை ஒரு நிமிடம்கூட ஆகாது. பக்கத்தில் யாராவது இருந்தால் அதற்குப் பிறகும் கேட்பேன்: "எரியுதா, மினுக்குதா?" கேள்வியை இப்படித்தான் கேட்க வேண்டும். 'லைட் எரியுதா' என்று மட்டும் கேட்டால் எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள்.

வில்லுப்பாட்டில் கருவியை எங்கே வைப்பது என்பது தனிப் பாடம். அண்ணாவி நடுவில் இருப்பார். வலப்பக்கம் பாடுகிறவர்களும் இடப்பக்கம் பாடுகிறவர்களும் மாறி மாறி அடியை வாங்கிப் பாடுவார்கள். இந்த வாங்கிப் பாடுதல்தான் வில்லுப்பாட்டின் உயிர் என்று நான் நினைக்கிறேன். இரண்டு காதுக்கும் தனித்தனியாகப் பிரிந்து விழும்படி ஸ்டீரியோவில் எடுத்தால், கண்ணை மூடிக் கேட்கிறவருக்கும் மேடை தெரியும். ஆளைக் கேட்காமலே நான் மேடையின் நடுவைக் கண்டுபிடித்துவிடுவேன். உடுக்கையும் ஜால்ராவும் சுருதி சேர்க்கும்போது ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அண்ணாவியின் குரல் நெற்றிப் பொட்டுக்கு நேராக வருகிற வரைக்கும் அங்குலம் அங்குலமாக நகர்வேன். கருவி தலைகீழாகவோ பின்புறமாகவோ திரும்பியிருக்கிறதா என்று பார்க்க, இடது மைக் பக்கம் இரண்டு விரல்களை உரசுவேன். இடது காதில் கேட்க வேண்டும்.

பகை, கூம்பு ஒலிபெருக்கி. தென்னையில் கட்டிய குழாய் நேரே என் தலைக்கு மேலே இருந்தால் குடமும் குரலும் இரும்பாகிவிடும். மாலையிலேயே போய் மைக்செட்காரரிடம் பேசிவிடுவேன். "அண்ணாச்சி, மேடைப் பக்கம் இருக்குத குழாயை மட்டும் தெருப் பார்த்துத் திருப்பிவிடுங்க" என்றால் பெரும்பாலும் செய்வார்கள். என்னை அவர்கள் தொழிலில் ஒருவனாக மதித்துப் பேசுகிற இடம் அது.

இதையெல்லாம் மீறி என்னை வருஷக்கணக்காகத் தோற்கடித்தது ஒலி அளவு. கதை சொல்லும்போது அண்ணாவி தணிந்த குரலில் பேசுவார். சாமி வருகிற கட்டத்தில் உடுக்கையும் குடமும் வெறிகொண்டு ஏறும். நையாண்டி மேளமும் சேர்ந்துகொள்ளும், வேட்டும் போடுவார்கள். பேச்சுக்கு அளவு வைத்தால் சாமியாட்டத்தில் ஒலி உடைந்துவிடும். உடைந்த ஒலியைப் பிறகு யாராலும் முழுதாக ஒட்டவைக்க முடியாது. சாமியாட்டத்துக்கு வைத்தால் பேச்சு இரைச்சலுக்குள் அமிழ்ந்துவிடும். கண் உள்ளவர் திரையில் ஏறி இறங்கும் கோட்டைப் பார்த்துக்கொண்டே விரலால் சரிசெய்வார். நான் உடைந்த பிறகுதான் அறிவேன். தானியங்கி அளவைப் போட்டாலோ, குடத்தின் ஒவ்வோர் அறைக்கும் குரல் பதுங்கிப் பதுங்கி எழும். அது பாட்டைக் கொல்கிற வேலை. உச்சக்கட்டத்தை முன்கூட்டி அறிந்து அளவைக் குறைக்க, கதைகளையே மனப்பாடம் செய்தேன். எந்த அடிக்குப் பிறகு உடுக்கை ஏறும் என்று தெரிந்ததும் எட்டு அழுத்தல் கீழே இறங்குவேன். முத்துப்பட்டன், சுடலைமாடன், இசக்கி கதைகள் எனக்குப் பாடமானது இப்படித்தான்.

இடையில் ஒலிம்பஸ் நிறுவனத்தின் டி.எம். வரிசைக் கருவி ஒன்றைச் சிங்கப்பூரில் இருக்கும் மைத்துனர் வாங்கி வந்தார். அது பேசும். ஏ, பி, சி என்று எந்த அடுக்கில் இருக்கிறோம், மெனுவில் எந்த இடத்தில் நிற்கிறோம் என்பதையெல்லாம் ஆங்கிலத்தில் சொல்லும். முதன்முதலாக அதைக் காதில் வைத்துக் கேட்ட அன்று, ஒரு கருவி என்னோடு நேராகப் பேசுகிறது என்ற நினைப்பிலேயே இரவு வெகுநேரம் அதைத் தட்டிக்கொண்டிருந்தேன். வயதான கலைஞர்களைப் பேட்டி எடுக்க அதைவிட நல்ல துணை எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அது பேச்சுக்கான கருவி. கணியான் கூத்தின் மகுடத்தையும் வில்லுப்பாட்டின் குடத்தையும் அதனால் தாங்க முடியாது.

செல்போன் போதாதா என்று பலரும் கேட்கிறார்கள். அவசரத்துக்குப் போதும். ஆனால் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் போனின் திரைவாசிப்பான் பேசுவது பாட்டோடு சேர்ந்து பதிவாகிவிடும். நடுவில் அழைப்பு வரும். பல போன்கள் பேச்சை மட்டும் காப்பாற்றுவதாக நினைத்து, வில்லின் மணியொலியை இரைச்சல் என்று துடைத்தெறிந்துவிடுகின்றன. நான் போனை வேறு வேலைக்கு வைத்திருக்கிறேன்: பேசாத கருவியின் திரையை அதன் கேமராவால் படித்துச் சொல்லவைப்பதற்கு.

2024-இல் ஜூம் நிறுவனத்தின் எசென்ஷியல் வரிசை வந்தது. எச்-1, எச்-4, எச்-6 என்று மூன்று. மூன்றிலும் பார்வையற்றோருக்கான குரல் வழிகாட்டி உண்டு. நான் எச்-4 வாங்கினேன். மெனுவில் நகர நகர ஹெட்போனில் வாசித்துக்கொண்டே வருகிறது. அதைவிடப் பெரிய மாற்றம் 32 பிட் ஃப்ளோட் என்கிற பதிவு முறை. ஒரே ஒலியைத் தணிந்ததற்கு ஒன்றும் உரத்ததற்கு ஒன்றுமாக இரண்டு ஒலிமாற்றிகள் உள்வாங்கி, கருவிக்குள்ளேயே இணைத்து எழுதிவிடுகின்றன. அளவு வைக்கிற வேலையே இல்லை. அதற்கான திருகியும் இல்லை. தணிந்த பேச்சைப் பிறகு வீட்டில் உயர்த்திக்கொள்ளலாம், உரத்த உடுக்கையைத் தணித்துக்கொள்ளலாம், இரண்டும் உடையாது. மைக்குக்கென்று ஒரு தாங்கு எல்லை இருக்கிறது, அதை மீறினால் மைக்கே திணறும்; வேட்டுக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. இந்த முறையை எல்லோருக்கும் வசதி என்று விற்கிறார்கள். எனக்கு இது, திரைக்குள் போய்விட்ட அளவுமானி இல்லாமலேயே மற்றவர்களுக்குச் சமமாகத் தொழில் செய்கிற உரிமை. மைக்செட்காரரின் மிக்சரிலிருந்து ஒரு ஒயரும் இப்போது இதில் சேர்ந்துகொள்கிறது.

கோப்புதான் பெருத்துவிட்டது. சாதாரண சி.டி. தரத்தில் ஒரு மணி நேர ஸ்டீரியோவுக்கு ஏறத்தாழ 635 எம்.பி. ஆகும். 48 கிலோஹெர்ட்சில் 32 பிட் என்றால் 1.4 ஜி.பி.யை நெருங்கும். கார்டு நிறைந்துபோவது இன்னொரு வகை மினுக்கல் என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கொடைக்கும் காலிக் கார்டோடு போகிறேன். புதுப் பேட்டரி வலது பையில், தீர்ந்தது இடது பையில். வீடு திரும்பிய அன்றே, தூங்குவதற்கு முன், என்.வி.டி.ஏ. திரைவாசிப்பான் துணையோடு வெறும் எண்ணாக இருக்கும் கோப்புகளுக்குப் பெயர் வைத்து இரண்டு ஹார்டு டிஸ்கில் போட்டுவிடுவேன். ஒரு நகல் பாடியவர் வீட்டுக்கு.

இந்த எச்-4 தமிழில் பேசாது என்பதில் எனக்கு உண்மையான மனக்குறை உண்டு. என்னிடம் பழகிய இரண்டு பையன்கள், காது கூர்மையானவர்கள், மெனுவின் ஆங்கிலத்துக்குப் பயந்தே இதைத் தொடாமல் இருக்கிறார்கள். கணினியில் தமிழ் பேசும் இலவசக் குரல்கள் வந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகின்றன. தயாரிப்பாளர்களோடு பேசக்கூடிய இடத்தில் இருக்கிற நம்மவர்கள் இதைக் கேட்டுப் பெற வேண்டும்.

அண்ணாவியின் பேரன் இப்போது குடம் அடிக்கிறான். போன ஆடி மாதம் அவன் குழு பாடிய முத்துப்பட்டனை எடுத்தேன். தாத்தாவின் பாட்டில் இருந்த சில அடிகள் இதில் இல்லை. அவன் சின்னப் பிள்ளையாக இருந்ததால் அவனுக்கும் அவை நினைவில் இல்லை. உங்கள் ஊரில் வயதான அண்ணாவி, கணியான், ஒப்பாரி சொல்கிற ஆச்சி யாராவது இருந்தால் இந்த வருஷமே போய்ப் பதிவு செய்துவிடுங்கள், அந்த வாசலைவிட்டு இறங்குமுன் ஒருமுறை ஓடவிட்டுக் கேட்டுவிடுங்கள். முதல் ரெக்கார்டர் வாங்கப்போகிற பார்வையற்ற பிள்ளைகளுக்கு: என்னுடைய மூன்று கருவிகளும் வீட்டில் இருக்கின்றன. வாங்குவதற்கு முன்னால் வந்து தொட்டுப் பாருங்கள்.